வால் முளைத்த கிழங்கு

கொலம்பஸின் கப்பல்கள் கரீபியன் தீவுகளைத் தொட்டபோது, அங்கே வாழ்ந்த தைனோ மக்கள் ஒரு கிழங்கைப் பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். கொடியாகப் படர்ந்து மண்ணுக்குள் இனிப்பைச் சேர்த்துவைக்கும் கிழங்கு. பொங்கல் சந்தையில் குவியல் குவியலாகக் கிடக்கும் சர்க்கரைவள்ளிதான் அது. தைனோ மக்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'பட்டாட்டா'. ஸ்பானியர்களுக்குக் கிழங்கும் பிடித்தது, பெயரும் பிடித்தது. இரண்டையும் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பெயர் கடைசியில் வேறொரு கிழங்கின் தலையில் போய் உட்காரும் என்று அன்று யாரும் நினைத்திருக்க வழியில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1532-ல், பிசாரோவின் படை பெரு நாட்டுக்குள் நுழைந்தது. ஆண்டீஸ் மலையின் குளிர்ந்த மேட்டு நிலங்களில் வேறொரு கிழங்கு விளைந்துகொண்டிருந்தது. உருண்டை, நீட்டு, மஞ்சள், ஊதா, கறுப்பு என்று எண்ணி மாளாத வகைகள். இனிப்பு மட்டும் கிடையாது. மலைமக்கள் அதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயிரிட்டு வந்தார்கள். இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்து, 'சுன்யோ' என்ற வற்றலாக ஆண்டுக்கணக்கில் சேமித்தும் வைத்தார்கள். கெச்சுவா மொழியில் அந்தக் கிழங்குக்குப் பெயர் 'பாப்பா'. பட்டாட்டாவுக்கும் பாப்பாவுக்கும் தாவரக் குடும்பத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே திசையிலிருந்து, ஒரே நாட்டுக் கப்பல்களில், ஒரே மாதிரி மண் அப்பிக்கொண்டு வந்து இறங்கின. குழப்பத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

1570-களில் செவில்லே நகரத்து மருத்துவமனை ஒன்றின் கணக்குப் புத்தகத்தில் மலைக்கிழங்கு வாங்கிய செலவு ஏறியிருந்தது. கிழங்கு ஊருக்குள் வந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. பெயர்தான் நிலைகொள்ளவில்லை. பட்டாட்டாவும் பாப்பாவும் ஒன்றோடொன்று உரசி, ஸ்பெயினில் 'பட்டாட்டா' என்றே, முதல் எழுத்தைச் சற்று வல்லினமாக அழுத்திச் சொல்லும் புதுச்சொல் பிறந்தது. தமிழ் எழுத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஸ்பானியக் காதுக்குத் தெரியும். தென் அமெரிக்க ஸ்பானிய மொழியிலோ அது இன்றுவரை பாப்பாதான். போர்ச்சுக்கீசியர்கள் பழைய பட்டாட்டாவையே இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மும்பையின் பட்டாட்டா வடை அந்த வழியில் வந்த சொத்து. வடக்கே போன கப்பல்களிலோ பெயருக்கு வேறொரு விதி காத்திருந்தது.

இங்கிலாந்தில் அது 'பொட்டேட்டோ' ஆனது. முதலில் அங்கேயும் பொட்டேட்டோ என்றால் சர்க்கரைவள்ளிதான். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் பொட்டேட்டோவும் அதுதான் என்பார்கள். 1597-ல் ஜான் ஜெரார்ட் என்பவர் தடிமனான மூலிகை நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் முன்பக்கத்தில் அவருடைய படம். கையில் ஒரு பூங்கொத்து. ரோஜாவோ அல்லியோ கிடையாது. ஆண்டீஸ் மலைக்கிழங்கின் பூவும் காயும்! அப்படியொரு பெருமை அவருக்கு. ஆனால் கிழங்கு வர்ஜீனியாவிலிருந்து வந்தது என்று தப்பாக எழுதிவைத்து, 'வர்ஜீனியா பொட்டேட்டோ' என்று பெயரும் சூட்டினார். இனிப்புக் கிழங்கின் பெயரை இனிப்பில்லாத கிழங்கு எடுத்துக்கொண்டது. பின்னாளில் அசல் சொந்தக்காரனான சர்க்கரைவள்ளிதான், தன்னை அடையாளம் காட்ட முன்னால் ஓர் அடைமொழி சேர்த்துக்கொள்ள வேண்டிவந்தது.

ஐரோப்பாவின் மற்ற நாடுகள் ஆளுக்கொரு பெயர் வைத்தன. இத்தாலியர்களுக்கு அது மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் காளானை நினைவூட்டியது. காளானையொட்டி அவர்கள் வைத்த சொல் ஜெர்மனிக்குப் போய்த் தேய்ந்து 'கார்டோஃபெல்' ஆனது. பிரெஞ்சுக்காரர்களும் டச்சுக்காரர்களும் அதை மண்ணில் காய்த்த ஆப்பிளாகப் பார்த்தார்கள். டச்சுக்காரர்களின் 'ஆர்டாப்பல்' கப்பலேறி இலங்கைக்கும் வந்தது. சிங்களத்தில் அது 'அர்த்தாபல்'. இவ்வளவு நடக்கும்போதும் ஐரோப்பாவின் வடகோடியில், பாதி ஆண்டு பனி மூடிக்கிடக்கும் ஸ்வீடனுக்கு அந்தக் கிழங்கு போய்ச்சேரவில்லை.

கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஊலோஃப் ருட்பெக். உப்சாலா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். இருபத்திரண்டு வயதுக்குள் மனித உடலின் நிணநீர் நாளங்களைப் பற்றி ஆராய்ந்து, கிறிஸ்டினா அரசியின் முன்னால் விளக்கிக் காட்டியவர். பிற்காலத்தில், கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் அட்லாண்டிஸ் வேறெதுவும் இல்லை, ஸ்வீடன்தான் என்று பல பாகங்களில் புத்தகம் எழுதியவரும் அவரே. மேதைமைக்கும் மிகைக்கும் நடுவே கோடு கிழிக்கத் தெரியாத மனிதர். 1655-ல் உப்சாலாவில் அவர் ஒரு தாவரத் தோட்டம் அமைத்தார். 1658-ல் அச்சான அதன் செடிப் பட்டியலில் ஆண்டீஸ் கிழங்கும் இருந்தது. பூ, இலை, காய் எல்லாம் கத்தரிக் குடும்பத்துச் சாயல். எனவே அவர் வைத்த ஸ்வீடிஷ் பெயரும் அதையொட்டியே அமைந்தது. நம் வழக்கில் சொல்வதானால் 'பெரு நாட்டு மணத்தக்காளி'.

இந்தப் பெயரோடு ஒரு கிழங்கு சமையலறைக்குள் நுழைய முடியுமா? ஐரோப்பாவில் மணத்தக்காளியின் உறவுகளுக்கு நல்ல பெயர் கிடையாது. விஷம், சூனியம், மயக்க மருந்து என்றுதான் பேச்சு. பேச்சு முழுப் பொய்யும் இல்லை. இந்தச் செடியின் இலையிலும் பச்சைக் காயிலும் சோலனின் என்ற நச்சு உண்டு. வெயில் பட்டுப் பச்சையான கிழங்கிலும் உண்டு. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அது மாணவர்கள் வேடிக்கை பார்க்கும் தோட்டச் செடியாகவே நின்றது. உப்சாலாவின் படிப்பாளிகள் அதை வயலுக்கு இறக்கவில்லை. இறக்கியவர் அந்தப் படிப்பாளிகளின் வாசலை மிதித்திராத ஒரு கடைப் பையன்.

கோத்தன்பர்க் துறைமுகத்துக்கு வடகிழக்கே ஆலிங்சோஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே 1685-ல் ஓர் ஏழை வீட்டில் யூனாஸ் பிறந்தார். வளர்ந்து கடையில் வேலை பார்த்து, ஆல்ஸ்ட்ரோம் என்று பெயர் வைத்துக்கொண்டு, 1707 வாக்கில் லண்டன் போனார். கப்பல் தரகில் கைநிறையச் சம்பாதித்தார். பணம் வந்தபிறகும் அவருடைய கண் கடைவீதியிலேயே இருந்தது. ஸ்வீடனிலிருந்து கச்சாப் பொருள் மலிவாக வந்து இறங்குவதையும், அதுவே துணியாகவும் கருவியாகவும் மாறிப் பல மடங்கு விலையில் ஸ்வீடனுக்கே திரும்பிப் போவதையும் நாள்தோறும் பார்த்தார். பார்த்ததை ஊரில் செய்துகாட்ட வேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது. ஆனால் அவர் திரும்ப நினைத்த ஸ்வீடன், அவர் விட்டுவந்த ஸ்வீடனாக இல்லை.

1700-ல் தொடங்கிய வடபகுதிப் பெரும்போர் 1721-ல் முடிந்தபோது, ஸ்வீடன் வல்லரசு என்ற பட்டத்தை இழந்திருந்தது. மன்னர் பன்னிரண்டாம் கார்ல் 1718-லேயே குண்டடிபட்டு இறந்திருந்தார். பால்டிக் கடலுக்கு அப்பாலிருந்த மாகாணங்கள் ரஷ்யாவின் கைக்குப் போயின. அவற்றில் லிவோனியா ஸ்வீடனுக்குச் சோறுபோட்ட களஞ்சியம். தானியம் வரும் வழி அடைபட்டது. ஆண்கள் போரில் மடிந்து, கஜானா காலியாகி, நாடே கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரத்தில்தான் யூனாஸ் ஆல்ஸ்ட்ரோம் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கினார்.

1724-ல் ஆலிங்சோஸில் ஜவுளி ஆலை தொடங்க அவருக்கு அரசின் உரிமம் கிடைத்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள், காலுறை பின்னும் பொறிகள், மெரினோ ஆடுகள், சாயச் செடிகள், புகையிலை என்று எதையெல்லாம் கொண்டுவர முடியுமோ அதையெல்லாம் கொண்டுவந்தார். ஆலைதான் அவருடைய கனவு. அதே ஆண்டில், ஊரோரம் இருந்த நூல்ஹாகா என்ற தம் பண்ணையில், இங்கிலாந்தில் சாப்பிட்டுப் பழகிய கிழங்கையும் ஒரு பக்கம் நட்டுவைத்தார். கனவோடு ஒப்பிட்டால் அது ஒரு சில்லறை வேலை. பின்னாளில் கனவு கரைந்து, சில்லறை வேலைதான் மிஞ்சப்போகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் மனிதர் சிரித்திருப்பார்.

ஊரில் கிழங்கை யாரும் சீந்தவில்லை. பிடிவாதம் மட்டும் காரணம் அல்ல. ஸ்வீடிஷ் விவசாயிக்கு உணவு என்றால் தானியம், ரொட்டியும் கஞ்சியும். கிழங்கு வேண்டுமென்றால் டர்னிப் இருக்கவே இருந்தது. அன்று வயல்கள் ஊருக்குப் பொதுவான துண்டுகளாகப் பிரிந்து கிடந்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பயிரை விதைத்து, ஒரே நேரத்தில் அறுத்தாக வேண்டும். தனியாக ஒருவர் புதுக் கிழங்கை நட இடமே கிடையாது. வீட்டுக் கொல்லையில் நாலு செடி வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களுக்கு அதை எப்படியாவது கூப்பிட வேண்டியிருந்தது. பெரு நாட்டு மணத்தக்காளி என்று எந்த விவசாயி கூப்பிடுவான்? மக்கள் தங்கள் வசதிக்கு ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பெயர் 'யூர்ட்பேரூன்'. யூர்ட் என்றால் மண். பேரூன் என்றால் பேரிக்காய். மண்ணில் விளைந்த பேரிக்காய். ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்த கிழங்கைக் கையில் வைத்துப் பார்த்தவர் சொன்ன பெயர் என்பது கேட்டவுடனே தெரியும். பேச்சில் அதுவும் தேய்ந்து, முன்பாதி உதிர்ந்து, ஆலிங்சோஸைச் சுற்றிய வெஸ்டர்யோத்லாந்து வட்டாரத்தில் வெறும் 'பேரா' ஆனது. எளிய பெயர், அழகான பெயர், சொந்த மொழிப் பெயர். வெற்றி அதற்குத்தான் என்று நாலு பேரைக் கேட்டால் நாலு பேரும் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் ஆலைக்காரர்கள் வழியாக இன்னொரு பெயரும் ஊருக்குள் நுழைந்திருந்தது. லண்டன் வணிகத்தில் பழகியவர்கள் இங்கிலாந்தின் சொல்லையே பிடித்துக்கொண்டார்கள். அதுவும் எந்த வடிவத்தில்? கிழங்கை ஒன்றே ஒன்றாக யாரும் வாங்குவதில்லை, விற்பதில்லை. மூட்டையில் இருப்பது எப்போதும் பன்மைதான்: 'பொட்டேட்டோஸ்'. கடைசியில் நின்ற அந்த 'ஸ்', பல கிழங்குகள் என்று காட்ட ஆங்கிலம் ஒட்டிய வால். ஸ்வீடிஷ் மொழியில் பன்மைக்கு ஆர், ஓர், ஏர் என்றெல்லாம் ஈறுகள் உண்டு. 'ஸ்' அந்தக் குடும்பத்தில் சேர்ந்ததில்லை. ஸ்வீடிஷ் காதுக்கு அது வாலாகப் படவில்லை, உடம்பாகவே பட்டது. இது ஒன்றும் வெட்கப்பட வேண்டிய சங்கதி அல்ல. ஒற்றை சாக்ஸைக் காணோம் என்று காலையில் வீட்டையே புரட்டும் தமிழர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

சந்தைக் காதில் விழுந்த சொல் சந்தையோடு போயிருக்கும். அதைப் பிடித்து அச்சில் ஏற்ற ஓர் இடம் வேண்டியிருந்தது. 1739-ல் ஸ்டாக்ஹோமில் அறிவியல் அகாடமி பிறந்தது. நிறுவியவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர் தாவரங்களுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸ். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் முதல் தலைவர் பதவி அவருக்கு விழுந்தது. இன்னொருவர் நம் கப்பல் தரகர் ஆல்ஸ்ட்ரோம். படிப்பாளிகளின் வாசலை மிதிக்காதவர் அவர்களோடு சரிசமமாக உட்கார்ந்தார். அந்த அகாடமி எடுத்த ஒரு முடிவுதான் இந்தக் கதையின் திருப்பம் என்பது என் எண்ணம். ஐரோப்பாவின் அறிஞர் சபைகள் லத்தீனில் பெருமை தேடிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் தங்கள் ஆய்வேட்டை நாட்டு மக்கள் படிக்கட்டும் என்று ஸ்வீடிஷ் மொழியில் வெளியிட்டார்கள். லத்தீனில் எழுதியிருந்தால் 'சோலானம் ட்யூபரோசம்' என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஸ்வீடிஷ் மொழியில் எழுத உட்கார்ந்தால், கிழங்குக்கு ஒரு ஸ்வீடிஷ் சொல் வேண்டுமே.

1748-ல் அந்த ஏட்டுக்கு ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் இருபத்துநான்கு வயதுச் சீமாட்டி, ஏவா ஏக்கபிளாட். பெரிய பிரபு வீட்டில் பிறந்து, பதினாறு வயதில் திருமணமாகி, வெஸ்டர்யோத்லாந்தில் இருந்த பண்ணைகளை நிர்வகித்துக்கொண்டிருந்தவர். அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ள ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். கிழங்கைத் துருவி அதில் போட்டுக் கலக்கி, துருவலைப் பிழிந்து எடுத்துவிட்டால், சற்று நேரத்தில் அடியில் வெள்ளையாக ஒரு படிவு இறுகி நிற்கும். விரலால் அழுத்தினால் கல்போல, தூக்கினால் பாகுபோல வழியும். அதுதான் ஸ்டார்ச். அன்று சீமான்கள் தலையில் அணிந்த பொய்முடிக்குத் தூவும் பவுடரைக் கோதுமையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றுக்குப் போக வேண்டிய தானியம் தலைக்குப் போனது. அதைவிட அதிகமான தானியம் 'பிரென்வின்' என்ற நாட்டுச் சாராயமாகக் காய்ச்சப்பட்டுத் தொண்டைக்குள் போனது. இரண்டுக்கும் இந்தக் கிழங்கே போதும் என்று ஏவா செய்துகாட்டினார்.

கட்டுரையின் தலைப்பு, ரொட்டி, பிரென்வின், ஸ்டார்ச், பவுடர் ஆகியவற்றைத் தயாரிக்கும் முயற்சி என்று சொன்னது. எதிலிருந்து தயாரிப்பது? தலைப்பின் கடைசிச் சொல்லாக, ஸ்வீடிஷ் வாக்கியத்தின் நடுவே, ஆங்கிலப் பன்மை அப்படியே நின்றது: 'பொட்டேட்டோஸ்'. பேராவும் இல்லை, யூர்ட்பேரூனும் இல்லை. அதே ஆண்டு அகாடமி ஏவாவைத் தன் உறுப்பினராக்கியது. அங்கே இடம்பெற்ற முதல் பெண் அவர். கூட்டங்களுக்கு அவர் போனதில்லை. 1751-ல் அவரை கௌரவ உறுப்பினர் என்று மாற்றியும் விட்டார்கள். கிழங்கின் பூவைக் கூந்தலில் சூடிக்கொண்டு அதற்கு அவர் மவுசு தேடித்தந்தார் என்றும் சொல்வார்கள். பூவை விடுங்கள் என்று சொல்லுமளவுக்கு, சாராயம் தேடித்தந்த மவுசு பெரிது.

அதே 1751-ல் யூனாஸுக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. வழக்கப்படி பெயரின் வாலில் ஓர் ஈறு ஏறி, ஆல்ஸ்ட்ரோம் 'ஆல்ஸ்ட்ரோமர்' ஆனார். பத்து ஆண்டுகளில், 1761-ல், அவர் இறந்தார். ஆட்சியில் கட்சி மாறி அரசின் மானியம் வற்றியபோது அவருடைய ஆலையும் நலிந்தது. ஆடுகள், சாயச் செடிகள், பொறிகள் எல்லாம் பழங்கதையாயின. அவருடைய மகன் கிளாஸின் பெயரை லின்னேயஸ் ஒரு பூவுக்கு வைத்தார். பூங்கொத்துக் கடைகளில் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும் ஆல்ஸ்ட்ரோமேரியா அதுதான். அதன் தாய்நிலமும் தென் அமெரிக்காவே. அப்பாவின் கிழங்கு மட்டும் இன்னும் கொல்லையைத் தாண்டவில்லை.

அதைத் தாண்டவைக்க ஒரு போர் வந்தது. 1757 முதல் 1762 வரை ஸ்வீடன் வடஜெர்மனியின் பொமரேனியாவில் பிரஷ்யாவோடு மோதியது. வெற்றியும் இல்லை, நிலமும் இல்லை. அங்கே கிழங்கைத் தின்று பழகிய சிப்பாய்கள் சிலவற்றைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. மக்கள் அந்தப் போருக்கு வைத்த பட்டப்பெயர் 'கிழங்குப் போர்'. ஆனாலும் வயலை உண்மையில் வென்றது சிப்பாயின் பை அல்ல, ஏவாவின் கட்டுரையிலிருந்த இரண்டாவது சரக்கு.

விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் தானியத்தைக் காய்ச்சத் தடை வந்தது. 1775-ல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் பிரென்வின் வடிப்பதையே அரசின் ஏகபோகமாக்கினார். விவசாயிகள் கொதித்தார்கள்; பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அது கைவிடப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டு பிறந்ததும் வீட்டுத் தேவைக்கு வடித்துக்கொள்ள மீண்டும் தாராளமாக அனுமதி. 1829-ல் நாடெங்கும் 1,70,000-க்கும் மேற்பட்ட வடிகொப்பரைகள் எரிந்துகொண்டிருந்தன. தானியத்தைவிட மலிவாக, குறைந்த நிலத்தில் நிறைய விளையும் கிழங்கு கொப்பரைக்குத் தோதாக இருந்தது. இதே காலத்தில்தான் ஊருக்குப் பொதுவான துண்டு நிலங்கள் ஒருங்கிணைந்து அவரவர் வயலாகிக்கொண்டிருந்தன. விரும்பியதை நட இனி பக்கத்துக்காரனைக் கேட்க வேண்டாம். நூறு ஆண்டுகளாகச் சொல்லியும் கேட்காத விவசாயி இப்போது ஏக்கர் கணக்கில் நட்டான். 1855-ல் சட்டம் வந்து வீட்டு வடிப்புக்குக் கிட்டத்தட்ட முற்றுப்புள்ளி வைத்தபோது, கொப்பரை அணைந்தாலும் கிழங்கு அடுப்பை விட்டு இறங்கவில்லை.

1800-ல் ஏறக்குறைய 23 லட்சமாக இருந்த ஸ்வீடனின் மக்கள்தொகை 1850-ல் 35 லட்சத்தை நெருங்கியது. பெருக்கம் நடந்துகொண்டிருந்த 1830-களிலேயே அதற்கு பிஷப்பும் கவிஞருமான எசாயஸ் டெங்னேர் மூன்று காரணங்களைச் சொன்னார்: போரில்லாத அமைதி, அம்மைத் தடுப்பூசி, இந்தக் கிழங்கு. ஸ்வீடிஷ் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் மனப்பாடம். வேடிக்கை என்னவென்றால், டெங்னேர் கிழங்கைச் சொன்ன விதம். அவர் அந்த 'ஸ்' என்ற வாலை வெட்டி எறிந்துவிட்டு, 'பொட்டேட்டர்' என்று முறையான ஸ்வீடிஷ் ஈறு போட்டுப் பன்மையாக்கியிருந்தார். 1830-கள் வரையிலும் சண்டை முடியவில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை. வாலோடு கூப்பிடுவதா, வாலை நறுக்கிக் கூப்பிடுவதா?

பண்டிதத் திருத்தத்தைப் பேச்சு மதிக்கவில்லை. பொட்டேட்டோஸ் வாய்க்கு வாய் உருண்டு, உயிரொலிகள் குறுகி, 'பொட்டாட்டிஸ்' என்று இறுகிப்போனது. இன்றைய ஸ்வீடிஷ் மொழியில் உருளைக்கிழங்குக்குப் பெயர் அதுதான். ஒன்றாக இருந்தாலும் 'என் பொட்டாட்டிஸ்', அதாவது ஒரு பொட்டாட்டிஸ். பலவாக இருந்தால்? ஏற்கெனவே ஒரு பன்மை ஈறு உள்ளே புதைந்து கிடப்பதை மறந்து, மேலே இன்னொன்றைப் போட்டு 'பொட்டாட்டிஸார்'. இரட்டைப் பன்மை! பின்னாளில் ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களும் இதே தடத்தில் வரிசை கட்டின. தண்டவாளம் 'ரெல்ஸ்', தொப்பி 'கெப்ஸ்', பிஸ்கட் 'கெக்ஸ்'. எல்லாம் ஆங்கிலப் பன்மைகள். எல்லாம் ஸ்வீடனில் ஒருமைகள். ஜூன் மாத மிட்சம்மர் விருந்தில் டில் என்ற சதகுப்பைத் தழை தூவிய புதுப் பொட்டாட்டிஸ் இல்லாவிட்டால் விருந்தே இல்லை. திருந்த முடியாதபடி பெயரைக் கெடுத்துக்கொண்ட ஆளைப் பற்றிச் சொல்ல, அவன் தன் கடைசிப் பொட்டாட்டிஸை நட்டுவிட்டான் என்று ஒரு வழக்கும் உண்டு. தோற்றுப்போன பேரிக்காய் எங்கே போனது?

கொஞ்சம் கிராமங்களில் பதுங்கியது. வடக்கு ஸ்வீடனின் வட்டார வழக்கில் பேரிக்காயின் மிச்சம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தென்கோடியில், டென்மார்க்கை ஒட்டிய ஸ்கோனே மாகாணத்துப் பழைய ஆட்கள் இரண்டு கட்சியிலும் சேராமல், ஜெர்மன் சொல்லின் சாயலில் 'பன்டொஃபெல்' என்றார்கள். ஜெர்மனியில் அந்த ஒலிக்கு வீட்டுச் செருப்பு என்று பொருள். பேரிக்காயின் அசல் வெற்றி கடலுக்கு அப்பால் கிடைத்தது. 1809 வரை ஸ்வீடனின் ஒரு பகுதியாக இருந்த பின்லாந்தில், ஃபாகர்விக் இரும்பாலைக்கு வந்த ஜெர்மன் தகரத் தொழிலாளர்கள் கிழங்கைக் கொண்டுவந்து நட்டார்கள். ஸ்வீடிஷ் பேசியவர்களின் பேரூன் என்ற சொல்லை பின்னிஷ் மக்கள் தங்கள் நாக்குக்கு ஏற்பத் திருத்தி, 'பெருனா' ஆக்கினார்கள். பின்லாந்தில் உருளைக்கிழங்கு இன்றும் பெருனாதான். கேட்பவர்கள் பெரு நாட்டைத்தான் குறிக்கிறது என்று சத்தியம் செய்வார்கள். கிழங்கின் தாய்நிலமும் பெரு என்பதால் அந்தச் சத்தியத்தை உடைப்பதும் கடினம். ஆனால் பெயர் வந்த வழி பெரு அல்ல, பேரிக்காய்.

ஆங்கிலத்திடம் வாங்கிய சொல்லுக்கு ஸ்வீடன் கணக்குத் தீர்க்காமல் விடவில்லை. பொட்டாட்டிஸ் வருவதற்கு முன் அந்நாட்டு வயிற்றை நிரப்பியவற்றில் டர்னிப் வகையைச் சேர்ந்த ஒரு மஞ்சள் கிழங்கும் உண்டு. ஆல்ஸ்ட்ரோமரின் சொந்த மண்ணான வெஸ்டர்யோத்லாந்து வழக்கில் அதற்கு 'ரூட்டாபாகே' என்று பெயர். குண்டு வேர் என்பதுபோல. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது இங்கிலாந்துக்குப் போனது. அமெரிக்கர்கள் அந்த வட்டாரச் சொல்லையே பிடித்து 'ரூட்டபேகா' என்றார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அவ்வளவு மெனக்கெடவில்லை. ஸ்வீடனிலிருந்து வந்ததால் கிழங்கையே 'ஸ்வீட்' என்று, ஸ்வீடன்காரரைக் கூப்பிடும் அதே சொல்லால் கூப்பிட்டார்கள். ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு ஜனவரி 25-ஆம் தேதியும் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் விருந்தில் ஹாகிஸ் என்ற ஆட்டு ஈரல் பண்டத்துக்குத் தொட்டுக்கொள்ள இரண்டு மசியல் வைப்பார்கள். மஞ்சளாக இருப்பது ஸ்வீடன்காரரின் கிழங்கு. வெள்ளையாக இருப்பது பொட்டேட்டோ.